ஐந்து கையும் என் கையும்

என் கணவர் கோட்டுக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். சாட்சிக் கூட்டில் ஏறி நிற்கிறவன் நீதவான் துரையைப் பார்த்து "ஓம் ஐயா" என்று சொன்னால், அந்த ஓமில் எத்தனை பங்கு உண்மை, எத்தனை பங்கு பயம் என்று முகத்தைப் பார்த்தே பிரித்துவிடுவார். பின்னேரம் வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் அன்றைய பொய்களை எனக்கு நடித்துக் காட்டுவார். "வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட சனத்துக்கு இல்லை எண்ட சொல்லே வாயில வராது, கண்டீரோ," என்று சிரிப்பார். நானும் வயிறு நோகச் சிரித்திருக்கிறேன். அப்படிப்பட்ட மனிதர்தான் ஐந்து ஓமை நம்பி, வயிற்றுப் பிள்ளையோடு என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனார். இதை எழுதுகிற எழுத்துகூட அவர் சொல்லித் தந்ததுதான். அதற்காக அவரைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்த வருடம் கச்சான் என்கிற மேல்காற்று எழும்புவதற்கு முன்னால், கொழும்பிலிருந்து வந்த தோணி ஒன்று இரண்டு வெள்ளைக்காரரை மன்னார்த் துறையில் இறக்கிவிட்டுப் போனது. ஒருவர் செந்தாடி வைத்த நெட்டை மனிதர். மற்றவர் இளையவர், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. வெள்ளைக்காரன் வந்தால் பின்னால் பெட்டி வரும், பெட்டி தூக்க ஆள் வரும், மடக்குக் கதிரை வரும். இவர்களிடம் ஆளுக்கொரு துணிப்பையும் ஒரு புத்தகமும் மட்டும் இருந்தன. முத்துக்குளிப்புப் பார்க்க வந்த துரைமார் என்று முடிவுசெய்து துறையில் நின்ற சனம் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போனது. துரைமார் தங்குகிற வாடிவீட்டுக் காவல்காரன் கோழி அடித்துச் சமைத்துப் போட்டான். மறுநாள் அவர்கள் கையை விரித்து, எங்களிடம் ஒன்றும் இல்லை, கடவுள் உமக்குத் தருவார் என்றபோது அவனுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் கூட. வெள்ளைக்காரன் தன்னிடம் பிச்சை எடுத்தான் என்று அவன் யாரிடம் போய் முறையிடுவான்? கந்தோரிலிருந்து திரும்பி வந்த என் கணவர் அவர்களை வழியில் கண்டு, இங்கிலீசில் நாலு வார்த்தை பேசி, வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

அவர்கள் மோர்மன்கள் என்றார். அப்படியொரு வேதத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில், மலைகளுக்கு அப்பால், ஓர் உப்பு ஏரிக் கரையிலிருந்து வந்தவர்களாம்.

"உப்புக்கு இஞ்ச பஞ்சமே, அதுக்கு இவ்வளவு தூரம் வந்தவை?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு அவர்களுடைய ஒழுங்குகளைச் சொன்னார். ஊழியத்துக்குப் போகிறவர்கள் இரண்டு பேராகத்தான் போவார்கள், ஒருவர் தனியே போவது கிடையாது. மடியில் காசு வைத்திருக்க மாட்டார்கள். முன்னால் வைக்கிறதைச் சாப்பிடுவார்கள், யாரும் வைக்காவிட்டால் பட்டினியோடு அடுத்த ஊருக்கு நடப்பார்கள்.

முன்னால் வைக்கிறதைச் சாப்பிடுவார்கள் என்று கேட்டதும் எனக்குக் குரங்குப் புத்தி வந்தது. அன்றைக்கு வைத்த கணவாய்க் கறியில் மூன்று நாள் மிளகாயை ஒன்றாக அரைத்துப் போட்டேன். இரண்டு பேரும் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓட, கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்கள். செந்தாடிக்காரர் எழும்பி நின்று எனக்குக் கும்பிடு போட்டார். நான் அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். மறுநாளும் அப்படியே வைத்தேன். நல்ல மனிசி என்று என்னை யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதி வைக்கிறேன்.

ஒரு கிழமையில் போவார்கள் என்று பார்த்தேன். போகவில்லை. பின்னேரங்களில் செந்தாடிக்காரர் என் கணவரைத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தி, சகோதரரே, சகோதரரே என்று கூப்பிட்டு வேதம் பேசினார். பதினொரு வருடம் கந்தோரில் துரை உள்ளே வரும்போதெல்லாம் எழும்பி நின்ற மனிதர் என் கணவர். ஒரு வெள்ளைக்காரன் தனக்குக் கதிரை இழுத்துப் போட்டதை அவரால் தாங்க முடியவில்லை. அவர்களுடைய வேதத்தில் அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதிரை நன்றாக விளங்கியது.

பிறகு இளையவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் என் பாயில் கிடந்து பிதற்றினார், நான்தான் கஞ்சி வார்த்தேன், அதில் மிளகாய் போடவில்லை. கொழும்புக்குத் திரும்பிய தோணியில் அவரைத் தூக்கி ஏற்றினார்கள். செந்தாடிக்காரர் தனியாளாக நின்றார். தனியே போகக் கூடாது என்பது ஒழுங்கு. அன்று சாப்பிடும்போது என் கணவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த காட்சியை ஊரே பார்த்தது. அவர்கள் ஒழுங்குப்படி ஆளை முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். எங்கள் பக்கத்துக் கடல் வற்றுக்கு உள்வாங்கியிருந்தது. இரண்டு பேரும் வெள்ளை வேட்டியோடு நடந்தார்கள், நடந்தார்கள், அரை மைல் நடந்தும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வரவில்லை. கரையில் வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னும் நடவுங்கோ கிளாக்கர் ஐயா, ராமேஸ்வரம் வந்திடும்!" என்று ஒருவன் கத்தினான். கடைசியில் அவரைத் தண்ணீரில் படுக்க வைத்துத்தான் அமிழ்த்த வேண்டியிருந்தது. நான் ஐந்து மாத வயிற்றோடு மணலில் நின்றேன். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

அவர் கந்தோர் வேலையை விட்டார். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவேன், பிள்ளை பிறக்க முன்னமே வந்துவிடுவேன் என்றார். மூன்று மாதம் நான் எப்படிச் சீவிப்பது என்று கேட்டேன். அதற்கும் செந்தாடிக்காரரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. அவர்கள் ஊரில் ஒருவர் ஊழியத்துக்குப் புறப்பட்டால் அயலவர்கள் எல்லாரும் கூடி, இவரைத் தாங்குவோம் என்று வலக்கையை உயர்த்துவார்களாம். கை உயர்த்தினால் அது சத்தியம். போனவருடைய வயலை அயலவர் உழுவார்கள், வீட்டை வேய்வார்கள், பெண்சாதி பிள்ளைக்கு விறகு பிளந்து போடுவார்கள். அவருக்கும் அங்கே பெண்சாதியும் நாலு பிள்ளைகளும் இருந்தார்கள். பெண்சாதி எழுதிய கடிதத்தைச் சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். விறகு கூரை விளிம்பு மட்டும் அடுக்கியிருக்கிறது என்று அவள் எழுதியிருந்தாளாம். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் சொல்லுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எங்கள் முற்றத்தில் ஐந்து பேரைக் கூட்டினார். வேதக்கோயில் காரியம் பார்க்கும் மூப்பர் வந்தார், எங்களுக்குத் தண்ணீர் அள்ளுகிற கிணறு அவருடையது. வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி வந்தார். விறகு வண்டிக்காரன் வந்தான். ஊர் மருத்துவச்சி வந்தாள், ஊரில் எந்தப் பிள்ளையும் அவள் கையில்தான் பிறக்கும். ஐந்தாவது ஆள் என் சொந்த அண்ணன். உயிலங்குளத்தில் வயல் செய்கிறவன், தோணி ஏறி வந்திருந்தான். செந்தாடிக்காரர் சொல்லச் சொல்ல என் கணவர் தமிழில் சொன்னார். இந்தச் சகோதரிக்குத் தண்ணீர் தருவீர்களா? மீன் தருவீர்களா? விறகு, அரிசி? நேரம் வரும்போது பக்கத்தில் நிற்பீர்களா?

"ஓம் ஐயா. ஏன் மாட்டம்? எங்கட பிள்ளை," என்று மூப்பர்தான் முதல் கையை உயர்த்தினார். மற்ற நாலு கையும் அதே வேகத்தில் எழும்பின. செந்தாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கொப்பியை எடுத்து ஐந்து பேருடைய பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வெள்ளைக்காரன் கொப்பியில் பெயர் எழுதியதும் ஐந்து பேரும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்கள்.

வேலிக்கு அப்பால் கருவாட்டு வியாபாரியின் மனைவி, எங்கள் பக்கத்து வீட்டு ராத்தா, முக்காட்டுக்குள்ளால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முஸ்லிம் வீட்டுப் பெண் ஆண்கள் கூடிய இடத்துக்கு வரமாட்டாள் என்று அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் கை உயர்த்தவுமில்லை.

நான் ஐந்து பேரையும் பார்க்கவில்லை. என் கணவரைத்தான் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்தபடி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார், ஒருவருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்லாரும் போனபின் கேட்டேன். "நீங்கள் அவையின்ர முகத்தைப் பாத்தனீங்களோ?"

"இது கோடில்லை. இது வேற," என்றார்.

"முகம் அதே முகந்தானே?"

"நீர் எல்லாத்தையும் பகிடியாத்தான் எடுப்பீர்," என்று எழும்பிப் போய்விட்டார். மறுநாள் காலை காசும் மாற்று உடுப்பும் இல்லாமல், அந்த நெட்டை மனிதரோடு மேற்கே போகும் மணல் பாதையில் இறங்கினார். வேலிப் படலை வரைக்கும் நான் போனேன். அவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். நான் கை காட்டவில்லை.

முதல் இரண்டு கிழமை அவர்கள் தீவுக்குள்ளேதான் ஊர் ஊராகச் சுற்றினார்கள். அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. சம்மாட்டி வீட்டிலிருந்து ஒரா மீன் வந்தது, வண்டிக்காரன் விறகு இறக்கினான். பிறகு அவர்கள் அக்கரைக்குத் தோணி ஏறிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதே கிழமையில் கந்தோர்ப் பியூன் இன்னொரு செய்தியும் கொண்டுவந்தான். இந்தச் செந்தாடிக்காரனுக்கும் அரசாங்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லையாம், பகுதியை ஆள்கிற ஏசண்டுத் துரை பேரைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தாராம்.

அதன்பிறகு மீன் வரவில்லை, மீன் தலை வந்தது. பிறகு அதுவும் நின்றது. விறகு வண்டிக்காரன் என் படலையைத் தாண்டும்போது மாட்டை விரட்டப் பழகிக்கொண்டான். கந்தோரில் என் கணவருடைய கதிரையில் மூப்பரின் மருமகன் உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். மூப்பர் ஏன் முதல் ஆளாகக் கை உயர்த்தினார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கச்சான் காற்று உரத்து, நிலம் காய்ந்து வெடித்த காலம் அது. ஒருநாள் குடத்தோடு போனால் மூப்பரின் கிணற்றடிப் பாதையில் உடைமுள்ளை வெட்டிப் போட்டிருந்தது.

"கிணறு வத்திப் போச்சுது பிள்ளை," என்று மூப்பர் வீட்டுக்குள்ளிருந்து சொன்னார். அவருடைய மாடுகள் தொட்டியில் வாய் வைத்துத் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "வேதம் மாறினவைக்கு அவையின்ர கடவுள் தருவார்தானே?" என்று அவருடைய மனைவி சொன்னாள். வேதம் மாறியது நானில்லை, என் கழுத்தில் செபமாலை கிடந்தது. அதைத் தூக்கிக் காட்டவேண்டும் போல இருந்தது. காட்டவில்லை. அவளுக்கு முன்னால் அதைத் தூக்கிக் காட்டுவதைவிடத் தாகத்தில் சாகலாம் என்று தோன்றியது.

திரும்பி வருகிற வழியில் ராத்தா தன் வேலியில் ஒரு மட்டையைப் பிடுங்கி வழி விட்டாள். "இஞ்சால வா. எங்கட கிணத்துல அள்ளு," என்றாள். நான் நன்றி சொல்ல வாய் திறந்தேன். "உன்ட புருசனுக்குப் பைத்தியமா புள்ள? வயித்துப் புள்ளக்காரிய உட்டுட்டு ஆம்புளப் புள்ளயா அவன்? நீயும் ஒரு பொம்புளயா, மறிக்கத் தெரியாதா?" என்று என்னைப் பிடித்து உலுப்பிவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு குடம் ஏச்சு. கிணற்றில் கயிறு இறங்கும்போது தொடங்கினால் குடத்தை என் இடுப்பில் ஏற்றிவிடும் மட்டும் ஓயமாட்டாள். அவளை நான் வெறுத்தேன். அவளுடைய தண்ணீரைக் குடித்தேன்.

அண்ணனுக்கு ஆள் விட்டேன், அரிசி முடிந்தது என்று. அரை மூட்டை வந்தது, புழு வைத்த அரிசி. மச்சாள் சொல்லியனுப்பினாளாம், உன் புருஷன் உயிலங்குளத்துக்கும் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று வேதம் பேசி எங்கள் மானத்தை வாங்கிவிட்டான், இனி ஆள் அனுப்பாதே என்று. அண்ணன் சொன்னதாக ஒரு வார்த்தையும் வரவில்லை. சின்னவயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவன். மற்ற நாலு பேரையும் நான் மறந்தாலும் அவனுடைய கையை மறக்கமாட்டேன்.

எட்டாம் மாதம் முடியும்போது மடு மாதா கோயில் திருநாள் வந்தது. ஊர் முழுக்கப் பாயும் பானையும் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய் மாட்டு வண்டிகளில் மடுவுக்குப் புறப்பட்டது. மருத்துவச்சியின் வீட்டுக்கு நடந்து போய்க் கேட்டேன்.

"அக்கா, எனக்கு நாள் கிட்டுது. நீங்கள் நில்லுங்கோ."

"இன்னும் மூண்டு கிழமை கிடக்குது உனக்கு. மாதாவிட்ட நேர்த்தி, போகாமல் இருக்கேலாது," என்று மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "உனக்காகவும் மன்றாடுறன்."

அவர்கள் போன நாலாம் நாள் காலை எனக்குப் பிள்ளைக் குத்து எழும்பியது. வெறும் ஊர். கழுதைகள் மட்டும் தெருவில் நின்றன. மத்தியானம் நான் போட்ட சத்தத்தில் ராத்தா வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் மூன்று பெற்றவள், ஒருவருக்கும் பிள்ளை பிடித்தவளில்லை. அப்போதும் என் கணவரை வாய் ஓயாமல் ஏசிக்கொண்டு, பிள்ளை எந்தப் பக்கமாகக் கிடக்கிறது என்று தெரியாமல் இழுத்தாள். பின்னேரம் ஆகியது. பெண் பிள்ளை. நீலம் பாரித்திருந்தது. ராத்தா முதுகில் அடிக்க அடிக்கக் கடைசியில் மெல்லிசாக அழுதது.

ஒன்பது நாள் இருந்தது. பாலை இழுத்துக் குடிக்க அதற்குச் சத்து இல்லை. பஞ்சில் நனைத்து நனைத்து வாயில் விட்டோம். ஒன்பதாம் நாள் விடிந்தபோது என் கை மடிப்பில் குளிர்ந்து கிடந்தது.

மடுவால் சனம் திரும்பி வந்திருந்தது. மூப்பரிடம் கேட்டேன். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குச் சேமக்காலையில் இடம் இல்லை என்றார். குரலை உயர்த்தவில்லை, நல்ல மரியாதையாகத்தான் சொன்னார். ராத்தாவின் புருஷன் கருவாட்டுக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, எங்கள் வளவின் மேற்குப் பக்கத்துப் பனையடியில் மணலைத் தோண்டித் தந்தார். அந்த ஐந்து பேரில் ஒருவரும் வரவில்லை. நான் அழவில்லை. எனக்குள் அழுவதற்கான தண்ணீரும் முள் போட்டு அடைத்த கிணற்றில் நின்றுவிட்டது போல இருந்தது.

பிள்ளை போய்ப் பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணியளவில் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். என் கணவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி வளர்ந்து, எலும்பு தெரிந்து, காலில் புண்ணோடு நின்றார். என் தட்டை வயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எங்க?" என்று கேட்டார். நான் பனையடியைக் காட்டினேன். அங்கே போய் மணலில் விழுந்தார்.

அழுது முடித்து அவர் சொன்ன ஒரு விஷயத்தைக் கேட்ட பிறகுதான் எனக்குள் ஏதோ கல்லாகிப் போனது. மடு வீதியில் யாத்திரிகருக்கு வேதம் சொல்லிக்கொண்டு நின்றபோது எங்கள் ஊர் வண்டிகளைக் கண்டார்களாம். ஓடிப்போய் என்னைப் பற்றிக் கேட்டாராம். "நல்ல சுகமா இருக்கிறா, நாங்கள் எல்லாரும் பாத்துக்கொள்ளுறம்," என்று மருத்துவச்சி வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சொன்னாளாம். செந்தாடிக்காரர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வீதியிலேயே முழங்காலில் நின்று கடவுளுக்கு நன்றி சொன்னாராம். அதே நாள்தான். நான் பாயைக் கடித்துக்கொண்டு கிடந்த அதே நாள்.

வெள்ளைக்காரன் வந்துவிட்டான் என்று கேட்டதும் மத்தியானத்துக்குள் சம்மாட்டி மீனோடு வந்தார். வண்டிக்காரன் விறகு இறக்கினான். மூப்பர் வந்தார். அரிசி மூட்டையோடு பட்டணத்துக்கு வந்திருந்த அண்ணன்கூட வந்து சேர்ந்தான். மருத்துவச்சி படலையிலேயே மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். "என்ர கையிலதானே ஐயா பிறந்தது, என்ர கையிலதானே போச்சுது!" என்று செந்தாடிக்காரரின் காலடியில் உட்கார்ந்து ஓலமிட்டாள். அவர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, தனக்குத் தெரிந்த தமிழில், "நன்றி அம்மா, நன்றி," என்று சொல்லி அவரும் அழுதார்.

வேலிக்கு அப்பால் ராத்தா நின்றாள். நான் வாயைத் திறப்பேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நான் திறக்கவில்லை.

செந்தாடிக்காரர் எழும்பி என்னிடம் வந்தார். அத்தனை மாதத்தில் அவர் நேரே என்னைக் கேட்டது அதுதான் முதல் தரம். என் கணவர் மொழிபெயர்த்தார், குரல் உடைந்து உடைந்து வந்தது. நாங்கள் முசலிக் கரையால் தெற்கே போக இருக்கிறோம். ஆனால் உங்களுக்குப் பெரிய இழப்பு வந்திருக்கிறது. நீங்கள் நில் என்றால் உங்கள் புருஷன் இங்கேயே நிற்பார், கடவுளும் கோபிக்கமாட்டார், நான் கொழும்புக்குத் திரும்பிவிடுவேன். நீங்களும் சேர்ந்து தாங்குவீர்களானால் மட்டும் அவர் வருவார்.

பிறகு பழையபடி, யார் இந்தச் சகோதரரைத் தாங்குவீர்கள் என்று கேட்டார். ஐந்து கையும் எழும்பின.

இந்த முறை என் கணவர் தலை குனியவில்லை. மூப்பரைப் பார்த்தார். சம்மாட்டியைப் பார்த்தார். ஒவ்வொரு முகத்திலும் கொஞ்ச நேரம் நின்றார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், கந்தோரால் வந்து பொய்களை நடித்துக் காட்டுகிறபோது அவரிடம் இருக்கிற பார்வை. மூப்பரில் தொடங்கி என் அண்ணனில் முடிக்கிற நேரத்துக்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிறம் வெளுத்துப் போனது. கடைசியாக என்னைப் பார்த்தார்.

நில் என்று நான் சொல்லவேண்டும் என்று அவருடைய கண் கெஞ்சியது. போக அவருக்கு மனமில்லை. ஒரு சொல் போதும். அந்தச் சொல் என் தொண்டையில்தான் இருந்தது. ஆனால் இந்த முகத்தை நாளைக்கும், அதற்கு அடுத்த நாளும், அடுப்புக்கு முன்னால் இருத்திச் சோறு போட்டுப் பார்க்கவேண்டும் என்று நினைத்தபோது அந்தச் சொல்லை நான் வெளியே விடவில்லை. பனையடியில் விழுந்து அழுதால் சரியாகிவிடுமா? கதிரை இழுத்துப் போட்டவனோடேயே போய்த் தொலையட்டும் என்று நினைத்தேன். ஊரார் உயர்த்தியதைப் போல நானும் ஒரு பொய்க்கையை உயர்த்துகிறேன், பொய் பிடிக்கிற கெட்டிக்காரர்தானே, இதையும் பிடிக்கட்டும், பிடித்துக்கொண்டு சாகட்டும் என்று நினைத்தேன். இதையெல்லாம் நான் பிறகு யோசித்து எழுதவில்லை. அந்த நேரத்தில் அப்படியே நினைத்தேன்.

வலக்கையை நேரே, முழங்கை மடியாமல் உயர்த்தினேன். "ஓம் ஐயா," என்றேன்.

என் கணவர் கனநேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு போய்த் துணிப்பையை எடுத்தார்.

மறுநாள் தண்ணீருக்குப் போனேன். ராத்தா வழக்கம்போல ஏசவில்லை. "அஞ்சு பேரும் பொய் சொல்லிட்டுப் போறாங்க, நீ ஓமெண்டு சொல்றாய். என்ட கையில புறந்த புள்ளய அவள்ட கையில கொடுத்திட்டாயே," என்று மட்டும் சொன்னாள். "அள்ளிக்கொண்டு போ. என்னோட கதைக்காத." அதன்பிறகு அவள் என்னோடு பேசவேயில்லை. அவளுடைய ஏச்சு இல்லாமல் அந்தத் தண்ணீர் எனக்கு இறங்கவில்லை.

மாரி மழை ஓய்ந்து, பாதை மணல் இறுகியிருந்த ஒரு காலை, முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். தூரத்தில் மேலங்கி போட்ட நெட்டை உருவம் ஒன்று நடந்து வந்தது. நான் விளக்குமாற்றைப் பிடித்தபடி அதற்குப் பின்னால் இன்னொரு உருவம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பாதை வளைவு கழிந்தது, தென்னைகள் கழிந்தன. அவர் தனியே வந்துகொண்டிருந்தார். தனியே போகக் கூடாது என்ற ஒழுங்குள்ள மனிதர் தனியே வந்துகொண்டிருந்தார். அவர் படலைக்கு வரும் முன்னமே நான் கையில் கிடந்த வளையலைக் கழற்றத் தொடங்கிவிட்டேன்.

அதற்குள் அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்திருந்தது. என் கணவர் வழிநடையில் சொல்லிக் கொடுத்தது, அதனால் என் கணவருடைய வார்த்தைகளே வேறொருவர் வாயால் வந்தன. முசலிக்கு அப்பால் காட்டுக் காய்ச்சல் என்றார். என் கணவர் பதினாறு நாள் கிடந்தாராம். ஒரு வீட்டிலும் தின்னவோ குடிக்கவோ தரவில்லையாம், இவர்தான் குளத்துத் தண்ணீரைத் துணியில் வடித்துக் கொடுத்தாராம். தன் கையாலேயே குழி வெட்டியதாகச் சொல்லிக் கையைத் திறந்து காட்டினார். கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

 எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவரே சொன்னார்.

"கடைசி மட்டும் உங்களைப் பற்றித்தான் கதைச்சவர். ஊர்ச் சனம் ஒருத்தரும் உங்களைப் பாக்கேல்லை எண்டு அவருக்குத் தெரியும், அண்டைக்கு முற்றத்திலயே கண்டுபிடிச்சிட்டன் எண்டு சொன்னவர். திரும்பிப் போவம் எண்டு நான் எத்தினை தரம் கேட்டனான். மாட்டன் எண்டிட்டார்." செந்தாடியில் கண்ணீர் இறங்கியது. "அஞ்சு கையும் பொய் ஐயா, அவளின்ர கை மெய், அந்த ஒரு கைக்காக நான் நடக்க வேணும் எண்டு சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினவர். அது உண்மைதானே அம்மா?"

என் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்காக நின்றார்.

"ஓம் ஐயா," என்றேன்.